யாரைப் பார்க்கப் போகிறாய்?

(ஈப்போவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மனித சஞ்சாரமே இல்லாத ஓர் எரிமலைத் தீவுக்குப் போய், அதன் சாம்பற் சரிவில் ஏறி இறங்கி வந்தவன் என்ற ஒரே காரணத்தால் என்னை இன்று இந்த மேடையில் நிறுத்தியிருக்கிறீர்கள். 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நான் அந்தப் பிரயாணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, பெட்டியில் துணி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த என் தாயார், "ஆளே இல்லாத எடத்துக்கு யாரைப் பாக்கப்பா போறே?" என்று கேட்டார். சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, பதின்மூன்று வயதில் பால்வெட்டுக் கத்தி பிடித்து, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று பழகிய அவருக்குப் பிரயாணம் என்றால் ஒரு கலியாணம், ஒரு காரியம், பிள்ளை பெற்றவளைப் பார்த்து வருதல், தைப்பூசத்தன்று குனோங் சீரோவில் முருகனைத் தரிசித்தல், இவ்வளவே. ஓர் உயிரையோ ஒரு தெய்வத்தையோ பார்க்கும் உத்தேசமின்றி ஒருவன் கைப்பணம் செலவழித்துப் புறப்படுவான் என்பது அவர் மனத்துக்கு எட்டாத காரியம். அன்று நான் சிரித்து மழுப்பிவிட்டேன். மழுப்பியது பிழை என்பதை அந்தத் தீவில் கால் வைத்த பிறகே உணர்ந்தேன். ஆகையால் அந்தக் கேள்வியையே பற்றிக்கொண்டு பேச விரும்புகிறேன்.

நான் சென்ற தீவின் பெயர் அனாக் கிராக்காத்தாவ். ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் நடுவேயுள்ள சுந்தா நீரிணையில் அது இருக்கிறது. அனாக் என்றால் பிள்ளை என்பதை இந்த நாட்டில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிராக்காத்தாவ் பெற்ற பிள்ளை அது. சுண்ணாம்புக் குன்றுகளும் ஈயமும் நிறைந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் வாழ்கிற நமக்கும் எரிமலைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் எண்ணக்கூடும். சம்பந்தம் நம் காலடியிலேயே இருக்கிறது. இங்கிருந்து வடக்கே கோலாகங்சாரைக் கடந்து லெங்கோங் பள்ளத்தாக்குக்குப் போனால் கோத்தா தம்பான் என்றோர் இடம் வரும். அங்கே 1938-இல் காலிங்ஸ் என்ற ஆங்கிலேயர் ஆதிமனிதரின் கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார். பின்னர் 1987-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுரைனா மஜித் அம்மையார் அகழ்ந்தபோது, அடிக்கும் கல்லும் அடிபடும் கல்லும் தெறித்த சில்லுகளும் கிடந்தது கிடந்தபடியே இருக்க, ஆயுதம் செய்யும் ஒரு பட்டறை முழுமையாக வெளிப்பட்டது. அவ்விடத்திலேயே எரிமலைச் சாம்பலும் இருந்தது. சுமத்திராவிலுள்ள தோபா வெடித்துக் கக்கிய சாம்பல் அது. முதலில் அதன் வயது 31,000 ஆண்டு என்று கணித்தார்கள். பிற்பாடு ஏறத்தாழ 74,000 ஆண்டு எனத் திருத்திக்கொண்டார்கள். அதே சாம்பல் வங்காள விரிகுடாவைத் தாண்டிச் சென்று ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்திலும் படிந்திருக்கிறது. பேராக்கில் ஒருவன் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிய கணம் மண்ணுக்குள் அப்படியே பத்திரமாக இருந்ததென்றால், எரிமலை நமக்கு அந்நியமான விஷயம் என்று எப்படிச் சொல்வது? 2012-இல் அந்தப் பள்ளத்தாக்கை உலக மரபுடைமைத் தலமாக அங்கீகரித்தார்கள். நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம் என்று கேட்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தோபா மனித ஞாபகத்துக்கு அப்பாற்பட்டது. கிராக்காத்தாவோ நம் பாட்டன் பூட்டன் காலத்துச் சங்கதி. 1883 மே 20-ஆம் தேதி புகையத் தொடங்கிய அந்தத் தீவு, மூன்று மாதம் உறுமிக் கிடந்துவிட்டு, ஆகஸ்டு 26-ஆம் தேதி பிற்பகலில் உக்கிரம் கொண்டு, மறுநாள் காலை பத்து மணிக்குப் பெருவெடியாக வெடித்து, பெர்புவாத்தான், தானான், ரக்காத்தா என்ற தன் மூன்று சிகரங்களில் முன்னிரண்டையும், மூன்றாவதில் பாதியையும் கடலுக்குள் இழந்தது. அந்த ஓசையை 4,800 கிலோமீட்டருக்கு அப்பால் ரொட்ரிக்ஸ் தீவில் இருந்தவர்கள் தூரத்துப் பீரங்கி என்று நினைத்தார்கள். முப்பது மீட்டருக்கு மேல் எழும்பிய அலைகள் கரையோரத்துக் கிராமங்களை வழித்துக்கொண்டு போயின. தெலுக் பெத்தோங் துறையில் நின்ற பெராவ் என்னும் போர்க்கலத்தை அலை தூக்கிக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டது. இறந்தவர் தொகை 36,417 என்று அக்காலத்து டச்சு அரசாங்கம் கணக்கு வைத்தது; அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாண்டது நெருப்பினால் அல்ல, நீரினால்.

அந்த நாளில் நம் பேராக் எப்படி இருந்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். கோலாகங்சாரில், ரெசிடென்டாக இருந்த சர் ஹியூ லோ 1877-இல் நட்ட ரப்பர்க் கன்றுகளுக்கு ஆறே வயது. அவை பிற்காலத்தில் ஒரு ஜனசமூகத்தையே கடல் கடத்தப் போகின்றன என்பதை எவரும் அறியார். அவற்றுள் ஒரு மரம் இன்றைக்கும் அவ்வூரில் நிற்கிறது. கடலின் அந்தக் கரையில், நாகப்பட்டினத் துறைமுகத்தில், கடல் ஏறி இறங்குவதை மிதவையும் பென்சிலும் கொண்டு காகிதச் சுருளில் பதிவு செய்கிற ஒரு கருவி இருந்தது. கிராக்காத்தாவில் எழுந்த அலை, நெடுந்தூரத்தில் வீரியம் குறைந்து, ஆகஸ்டு 27-ஆம் தேதியன்றே அந்தக் கருவியின் பென்சிலை அசைத்தது. சென்னையிலும் அவ்வாறே அசைத்தது. பினாங்குக்குக் கப்பலேறும் கூலிகள் புறப்பட்டுக்கொண்டிருந்த துறை அந்த நாகப்பட்டினம். என் தாயைப் பெற்ற பாட்டி, பிற்காலத்தில், அந்தத் துறையிலிருந்துதான் கப்பலேறினார். அலை அந்தக் கரைகளில் எல்லாம் சாதுவாக வந்தது என்று சொல்ல முடியாது. இலங்கையின் கிழக்குக் கரையில், அறுகம் குடாவுக்கு அருகே, ஒரு பெண் அதனால் உயிரிழந்தாள். பதினைந்து நாள் கழிந்து, செப்டம்பர் மாதத்தில், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சை நிறமாக உதித்துப் பச்சை நிறமாக அஸ்தமித்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியரும் பிற்பாடு கோடைக்கானல் வான் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவருமான மிச்சி ஸ்மித், அந்தப் பச்சைச் சூரியனின் ஒளியைக் கருவியால் பிரித்து ஆராய்ந்தார். ஆனால் வயலில் குனிந்து நின்ற ஒரு குடியானவப் பெண் நிமிர்ந்து அந்தச் சூரியனைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள், எந்தச் சாமிக்கு என்ன நேர்ந்துகொண்டிருப்பாள் என்பதை எழுதி வைத்தார் இல்லை.

இனி நான் ஆசையோடு நின்று பேச விரும்பும் பகுதிக்கு வருகிறேன். வெடிப்புக்குப் பின் எஞ்சிய ரக்காத்தாவின் பாதிமலை பல மீட்டர் கனத்துக்குச் சுடுசாம்பல் மூடிக் கிடந்தது. ஜாவாக் கரையும் சுமத்திராக் கரையும் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால். அந்த வெறுஞ்சாம்பல்மேல் முதலில் வந்து குடியேறியது யார்? 1884 மே மாதத்தில் ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு அங்கே இறங்கிய கொத்தோ என்ற பிரெஞ்சுக்காரர், தேடித் தேடிப் பார்த்தும் ஒரே ஓர் உயிரைத்தான் கண்டார்: கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் ஒரு சிறு சிலந்தி. நூல் விட்டுக் காற்றில் மிதந்து வந்த அந்தச் சிலந்தி, ஓர் ஈகூட இல்லாத தேசத்தில், தன் குலவழக்கப்படி வலை பின்னிக்கொண்டிருந்தது. அவையோரே, எத்தனை முறை எண்ணினாலும் இந்த இடத்தில் என் மனம் நின்றுவிடுகிறது. உண்ண ஒன்றுமில்லாத இடத்தில் இறங்கியவுடன் அது தான் அறிந்த வேலையைத் தொடங்கிவிட்டது.

1886-இல் போகோர் தாவரத் தோட்டத்தின் தலைவர் மெல்கியோர் திரோய்ப் போய்ப் பார்த்தார். சாம்பலின்மேல் வழுவழுப்பான நீலப்பச்சைப் பாசிப் படலம் ஒன்று படர்ந்திருந்தது. அந்த ஈரத்தில் 11 வகைப் பெரணிகள் வேர்கொண்டிருந்தன. அலை ஒதுக்கிய விதைகளிலிருந்து கடற்கரையில் சில பூச்செடிகள் முளைத்திருந்தன. பாசி படுக்கை விரிக்க, காற்றில் வந்த பெரணி அதில் அமர, பின்னரே மற்றவை வந்தன என்று அவர் முடிவு கட்டினார். அதன்பின் புல், புல்லைத் தொடர்ந்து மரம், நாற்பது ஐம்பது ஆண்டுகளில் காடு. நீந்தத் தெரிந்த உடும்பும் மலைப்பாம்பும் கடலைக் கடந்து வந்தன. எலியை மட்டும் மனிதன் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். நுரைக்கல் தோண்டுவதற்காக 1915 முதல் இரண்டாண்டுக் காலம் அங்கே வசித்த ஒரு ஜெர்மானியரின் சாமான்களோடு அது வந்திருக்கக்கூடும்.

இந்த விருத்தாந்தத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பாக்கர் என்ற தாவரவியல் அறிஞர் 1929-இல், எல்லா உயிரும் அழிந்தது என்பதை முதலில் நிரூபித்தீர்களா, ஏதோ ஒரு பிளவில் ஒரு வேர் பிழைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். நேர்மையான கேள்வி அது. மூன்றாண்டுக் காலம் எவரும் சரிவர ஆராயாமல் விட்டது உண்மைதான். அந்தக் கேள்விக்கு அறிஞர்கள் சொன்ன சமாதானங்களைவிடக் கடல் சொன்ன சமாதானமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1927 டிசம்பர் இறுதியில், பழைய தீவு முழுகிய அதே இடத்தில் கடல் கொதித்து, ஒரு புதிய மேடு தலைகாட்டியது. அலை அதை அரித்தது; மறுபடி எழுந்தது; மறுபடி அரித்தது. 1930 ஆகஸ்டில் அது நிலைத்து நின்றது. அதுவே அனாக் கிராக்காத்தாவ். சமுத்திரத்தின் அடியிலிருந்து நெருப்பாக வந்த மண்ணில் பிழைத்திருக்க எந்தப் பழைய வேரும் இல்லை. அங்கே ஒரு செடி நின்றால் அது வந்து குடியேறிய செடிதான். 1950-களின் தொடக்கத்தில் மறுபடி வெடித்து முளைத்ததையெல்லாம் எரித்தது; மறுபடி அவை வந்தன.

அந்த மண்ணுக்குத்தான் நாங்கள் ஐவர் போனோம். ஞாயிறு தோறும் கிளேடாங் குன்றில் ஏறி இறங்கும் பழக்கம் உடையவர்கள் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு பயிற்சி இல்லை. ஜகார்த்தாவில் இறங்கி, மேற்கே சீலெகோன், அன்யேர் வழியாகச் சாரித்தா கடற்கரைக்குப் போய் இரவு தங்கி, காப்புக்காட்டு அலுவலகத்தின் அனுமதிச் சீட்டோடு விடியற்காலை படகேறினோம். ஒன்றரை மணி நேரம் கடல். படகுக்காரர் நாற்பது வயது மீனவர். அவர் பேசிய மொழியும் நாம் பேசும் மலாயும் தாயாதிகள் ஆகையால் பேச்சுக்குக் குறைவில்லை. முதலில் ரக்காத்தா தெரிந்தது. ஒரு பெரிய கறையான் புற்றை உச்சியிலிருந்து அடிவரை மண்வெட்டியால் பிளந்து ஒரு பாதியை எடுத்துவிட்டால் உள்ளறைகளும் அடுக்குகளும் எப்படித் தெரியுமோ அப்படி, எண்ணூறு மீட்டர் உயரமான அந்த மலையின் உட்புறம் வெட்டவெளியாகத் தெரிந்தது. வெட்டுப்பட்ட முகத்துக்குப் பின்புறம் மலை முழுவதும் அடர்ந்த காடு. இன்னொரு பக்கம் செர்த்தோங் தீவு; அதற்கு டச்சுக்காரர்கள் வைத்திருந்த பெயருக்குக் கைவிடப்பட்ட தீவு என்று பொருள் என்று படித்திருக்கிறேன். நடுவில், கரியைக் குவித்தாற்போல, மெல்லிய புகையோடு பிள்ளைத் தீவு.

படகு கிழக்குக் கரையில் ஒதுங்கியது. மணல் கறுப்பு. வெறுங்காலை வைத்ததும் சுட்டது. நான் முதலில் பார்த்தது மலையையல்ல. அந்தக் கறுப்பு மணலின்மேல், ஆட்டுக் குளம்பைப் போன்ற இரட்டை இலைகளோடும் ஊதா நிறப் பூக்களோடும் நீண்டு படர்ந்து கிடந்த அடம்பங்கொடியைத்தான். நம் பழைய புலவர்கள் நெய்தல் நிலத்துத் தலைவியைப் பாடும்போதெல்லாம் மறவாமல் பாடிய அடும்பு அது. நாகப்பட்டினத்துக் கடற்கரையிலும் இருக்கிறது. அதன் விதை உப்புநீரில் மாதக்கணக்கில் மிதந்தும் கெடாது. மணலை இறுக்கிப் பிடிப்பதே அதன் தொழில். அதற்கு மேலே சவுக்குத் தோப்பு. சாம்பலில் சவுக்கு செழிப்பதற்குக் காரணம் உண்டு: அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கித் தருகின்றன. தோட்டத்தில் ரப்பர் மரங்களின் இடைவெளியில் பயற்றங்கொடிகளைப் படரவிட்டு மண்ணைக் காத்த முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சவுக்குக்கும் மேலே, சரிவின் ஓரம் வரை, பேய்க்கரும்பு வெள்ளைப் பூங்கொத்துகளை அசைத்துக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் துறந்து புறப்பட்ட பட்டினத்தார் கையில் பிடித்தது பேய்க்கரும்பு. அது நுனியில் இனித்த இடம் திருவொற்றியூர் என்பது நம் ஐதிகம். துறவியின் கையிலும் வெறுஞ்சாம்பலிலும் அதே கரும்பு இருக்கக் கண்டு சற்று நேரம் மெய்ம்மறந்து நின்றேன். மரநிழலில் ஓர் உடும்பு எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் நகர்ந்து போயிற்று.

தோப்பைத் தாண்டியதும் பசுமை திடீரென்று முடிந்துவிட்டது. அப்பால் சாம்பலும் சரளையும்தான். இரண்டு அடி வைத்தால் ஓரடி கீழே இழுத்தது. காலை அழுத்தாமல், முன்னே போனவரின் தடத்தில் வைத்து, உடம்பைச் சற்று முன்சாய்த்து ஏற வேண்டியிருந்தது. கிளேடாங் குன்றில் வேரைப் பிடித்து ஏறிப் பழகிய கைகளுக்கு அங்கே பிடிக்க ஒன்றுமே இல்லை. "ஹாத்தி-ஹாத்தி" என்று படகுக்காரர் அடிக்கடி எச்சரித்தார். ஜாக்கிரதை என்று சொல்ல இதயம், இதயம் என்று இருமுறை சொல்லும் அந்த மொழியின் அழகை நான் வாழ்நாளெல்லாம் கேட்டிருந்தும் அன்றைக்குத்தான் கவனித்தேன். இடையிடையே வீடளவு, வண்டியளவு பாறைகள் சாம்பலில் புதைந்து கிடந்தன. அவையெல்லாம் வானத்திலிருந்து விழுந்தவை. கந்தக நெடி தொண்டையைப் பிடித்தது. அறுபத்துநாலு வயதில் நான் நான்கு இடங்களில் உட்கார்ந்தேன். பழைய வாய்விளிம்பாகிய முதல் மேட்டை அடைந்தபோது, அதற்கப்பால் ஏற அனுமதி இல்லை என்று படகுக்காரர் கையை விரித்து வழி மறித்தார். எதிரே புகைந்துகொண்டிருந்த கூம்பிலிருந்து வெப்பம் முகத்தில் அடித்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு எங்கள் தோட்டம் ஞாபகம் வந்தது. 1990-களில் ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தபோது லயங்களையும் இடித்தார்கள். ஜனங்கள் கம்பத்துக்கும் பட்டணத்துக்கும் அடுக்குமாடிக்கும் சிதறினார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு நான் போய்ப் பார்த்தேன்: லயம் இருந்த இடத்தில் லாலான் புல், கிணற்று மேடையின் சிமெண்டு விரிசலில் ஒரு பெரணி, முனியாண்டி சாமியின் கல்லும், அதன்மேல் எவரோ அண்மையில் கட்டிய மஞ்சள் துணியும். அந்த இடத்தை இப்போது யாரைக் கேட்டாலும் ஆளில்லாத இடம் என்பார்கள். அந்த லயம் கட்டுவதற்கு முன், காட்டை வெட்டி எரித்த சாம்பலின்மேல் முதலில் வந்து இறங்கிய எங்கள் பாட்டியின் தலைமுறையை எவரும் எண்ணி வைக்கவில்லை. ஒரு சிலந்தி வந்த மாதத்தையும் பதினொரு பெரணிகளையும் உலகம் எழுதி வைத்திருக்கிறது. அதை நான் மனமார மெச்சுகிறேன். அதைப்போல் ஒரு நோட்டுப் புத்தகம் எங்கள் தோட்டத்துக்கு இருந்திருந்தால், எந்தக் கப்பலில் யார் வந்தார், முதல் முருங்கைக் கொம்பை யார் நட்டார், சாமிக்கல்லை எந்த ஆற்றிலிருந்து எடுத்து வந்தார் என்றெல்லாம் ஒருவர் எழுதியிருந்தால், என்று அந்தச் சாம்பல் விளிம்பில் ஏங்கினேன். இன்னும் சில முதியவர்கள் இருக்கிறார்கள். இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தீவிலிருந்து ஒரு கல்லும் எடுக்கலாகாது என்பது சட்டம். நாங்கள் எடுக்கவில்லை. மாலையில் சாரித்தாவில் கரையேறியபோது, அலை ஒதுக்கியிருந்த நுரைக்கல் ஒன்றைப் படகுக்காரர் எடுத்து, "இபுவுக்கு" என்று என்னிடம் கொடுத்தார். என் தாயாரின் கேள்வியை நான் வழியில் அவருக்குச் சொல்லியிருந்தேன். ஊர் திரும்பிக் கொடுத்தபோது, அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, குளியலறையில் குதிகால் தேய்க்க வைத்துக்கொண்டார்.

2018 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு ஒன்பது மணியளவில், பல மாதங்களாகக் குமுறிக்கொண்டிருந்த அனாக் கிராக்காத்தாவின் தென்மேற்குப் பக்கம் இடிந்து கடலுக்குள் சரிந்தது. பெரிய நிலநடுக்கம் எதுவும் முன்னே வராததால் கரையில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லை. சாரித்தாவிலும் அன்யேரிலும் தஞ்சோங் லெசுங்கிலும் லம்போங் கரையிலும் 430-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 338 மீட்டர் உயர்ந்திருந்த மலை சில நாட்களில் 110 மீட்டராகக் குறைந்தது. நாங்கள் நிழலுக்கு ஒதுங்கிய பசுமை சாம்பலில் புதைந்தது. தொலைக்காட்சியில் செய்தி கேட்டதும் அம்மா தீவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்தப் படகுக்காரப் பையன் எப்படிப்பா இருக்கான்?" என்றார். மூன்று நாள் அவருடைய கைபேசிக்கு அழைத்தேன், பதில் இல்லை. நான்காம் நாள் அவரே கூப்பிட்டார். குடும்பத்தோடு மேட்டுநிலத்தில் இருப்பதாகவும், படகு போய்விட்டது என்றும் சொன்னார். அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அதன்பின் அவர் அந்தக் கல்லால் குதிகால் தேய்க்கவில்லை. ஒரு நாள் மாலை நான் போனபோது, அதைக் கழுவி ஒரு வாளித் தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு தூரம் மெதந்து போகும்?" என்று கேட்டார். 1883-இல் வெடித்துச் சிதறிய நுரைக்கற்கள் திட்டுத் திட்டாக இந்து சமுத்திரம் முழுவதையும் கடந்து ஆப்பிரிக்கக் கரையில் ஒதுங்கின என்று நான் சொன்னேன். அவர் விரலால் கல்லை மெல்லத் தள்ளினார். அது வாளியின் அந்தப் பக்கம் போய்த் தொட்டு நின்றது.

"அப்ப நாகப்பட்டினத்துக்கும் போயிருக்கும்," என்றார்.